வாய் திறக்காத முத்தம்மாவும் ஆறு ஓலைப் பறிகளும்

நாகப்பட்டினத்தில் உலாந்தா வெள்ளைக்காரர் கப்பலுக்குப் பாய் தைக்கிற தாமோதரனின் பெண்சாதியும் என் மூத்த மகளுமான நாகம்மாளுக்கு, பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து உன் நைனா ரங்கன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மா ராஜாத்தி முழுச் சேமம், உன் தங்கை முத்தம்மா முழுச் சேமம், நான் முக்கால் சேமம், மீதிக் கால் வீங்கிப் போய் மணைக்கட்டை மேல் நீட்டி வைத்திருக்கிறது, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். உன் சேமமும் மாப்பிள்ளை சேமமும் உன் வயிற்றில் இருக்கிற ஐந்து மாசத்துச் சேமமும் தவறாமல் எழுதி அனுப்பு. இதை உனக்குப் படித்துக் காட்டப்போகிற மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாசம் பள்ளிக்கூடம் போய் நாலாம் மாசம் நண்டு பிடிக்க ஓடிப்போனவன் எழுதுகிற எழுத்து இது, கோழி கிளறின மண் மாதிரிதான் இருக்கும், பொறுமையாகப் படிக்கட்டும். கடைசி ஓலையை முதலில் உருவிப் படிக்கக் கூடாது. படித்தால் நான் அங்கே வந்து பார்க்கப் போவதில்லை, ஆனால் அவருடைய மாமியார் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவாள்.

போன ஓலையில் நீ கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. உப்புத் தோணி எல்லப்பன் அங்கே வந்தபோது முத்தம்மா ஊமையாகிவிட்டாள் என்று சொன்னானாமே, அது நிஜமா என்று கேட்டிருந்தாய். நான் விட்டுவிட்டு வந்ததால்தான் பிள்ளைக்கு வாய் அடைத்துப்போயிற்று, வயிறும் பிள்ளையுமாக இருந்தாலும் பரவாயில்லை அடுத்த சுலுப்புக் கப்பலில் ஏறி வருகிறேன் என்றும் எழுதியிருந்தாய். மாப்பிள்ளை ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்தில், மாமா இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தனியாக எழுதியிருந்தார். அதனால் முதலில் எழுந்து போய்ச் சாப்பிடு. சாப்பிட்டாயா, சரி, இப்போது கேள். எல்லப்பன் சொன்னது பொய் இல்லை. முத்தம்மா ஆறு மாசமாக ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு எழுதினால் நீ கடலில் குதித்து நீந்தியே வந்துவிடுவாய் என்று நாங்கள் மறைத்தோம், அது எங்கள் தப்பு. ஆனால் அவள் வாய் மூடினது உன்னால் இல்லை. யாரால் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சொல்ல எனக்கே வெட்கமாக இருப்பதால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், படகு தரை தட்டுகிற இடத்தில் சுற்றிப் போவதில்லையா, அது மாதிரி.

நீ சுலுப்பில் ஏறின புரட்டாசிக் காலையை நினைத்துப் பார். முத்தம்மா முகத்துவாரத்து மணலில் புரண்டு கூச்சல் போட்டாள். போடாமல் என்ன செய்வாள், பிறந்த மூன்றாம் மாசமே உன் அம்மா இறால் பிடிக்க ஏரிக்குள் இறங்கிவிட்டாள், நான்கு வருஷம் உன் இடுப்புதான் அவளுக்கு ஊர். அம்மா என்று சொல்வதற்கு முன்னால் அக்கா என்று சொன்னவள். கப்பல் விரல் அளவு ஆகி நகம் அளவு ஆகிற வரைக்கும் கத்தினாள், அப்புறம் அடங்கிவிட்டாள். எப்படி அடங்கினாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை, களைத்துவிட்டாள் என்று நினைத்தோம். மறுநாளும் பேசவில்லை, கோபம் என்று நினைத்தோம். மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை என்றபோதுதான் உன் அம்மாவுக்குப் பயம் வந்தது. வேப்பிலை அடித்தார்கள், கோயிலில் தண்ணீர் தெளித்தார்கள், பொன்னேரியில் ஒரு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் நாக்கைப் பார்க்கிறேன் என்று வாய்க்குள் விரலை விட்டார், இவள் கடித்துவிட்டாள், பல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் வலது கையை வாயருகே கொண்டுபோய் அப்படியே காதுக்குக் கொண்டுபோவாள், காதைத் தொட்டுவிட்டுத்தான் கூழைக் குடிப்பாள். குடித்து முடித்ததும் மறுபடி காதைத் தொட்டு வாயைத் தொடுவாள். பக்கத்து வீட்டுக் குப்பம்மா இதைப் பார்த்துவிட்டுக் கோளாறு காதில்தான், காது கேட்டால்தானே பேச்சு வரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். உன் அம்மா தினம் வேப்பெண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். நாலு வீடு தள்ளிக் கருவாடு சுடுகிற சத்தம்கூடக் கேட்கிற பிள்ளை, பாவம் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தது.

இப்போது என் கால் கதை. தை மாசம் ஏரியில் நண்டு தடவிக்கொண்டிருந்தபோது சேற்றில் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டேன், அது தன் முள்ளால் எனக்கு மரியாதை செய்துவிட்டது. புண் ஆறுகிற வரைக்கும் உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று ஆயிற்று. நான் அழவே இல்லை. உன் அம்மா வேறு மாதிரி சொல்வாள், நம்பாதே. நான் கரையில் புன்னை மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்த முதல் நாளே குப்பம்மா வந்தாள். சும்மாத்தானே குந்திக்கினு கீற ரங்கண்ணா, என் சுப்பனயும் கொஞ்சம் பாத்துக்கோ என்று ஐந்து வயசுச் சுப்பனை என் மடியில் வைத்துவிட்டு ஏரிக்குள் இறங்கிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் விட்டார்கள். முத்தம்மாவோடு சேர்த்து ஆறு. ஏரியில் முப்பது வருஷம் வேலை செய்திருக்கிறேன் நாகு, அந்த ஒரு நாள் மாதிரி எனக்கு முதுகு வலித்ததே இல்லை. ஒன்று மண்ணைத் தின்றது, ஒன்று என் காலில் இருந்த பச்சிலைக் கட்டை அவிழ்த்தது, இரண்டு பேர் ஒரே நண்டுக்காகச் சண்டை போட்டார்கள், நண்டு இருவரையும் கடித்துவிட்டுப் போயிற்று.

இரண்டாம் நாள் எனக்குப் புத்தி வந்தது. பிள்ளைகளுக்குக் கையில் வேலை கொடுக்காவிட்டால் அவர்கள் நமக்கு வேலை கொடுப்பார்கள். உனக்கும் இன்னும் நாலு மாசத்தில் இது வேண்டியிருக்கும், அதனால் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறேன், மாப்பிள்ளையும் காது கொடுத்துக் கேட்கட்டும். உலாந்தாக் கப்பல் தச்சனிடம் சொல்லி மரக்குதிரை செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாரே, பிள்ளை பிறந்து தலை நிற்கவே மூன்று மாசம் ஆகும் மாப்பிள்ளை, அதுவரை குதிரையில் நீரா ஏறப்போகிறீர். நான் ஒரு சாமானும் வாங்கவில்லை. கோட்டைக்குப் பின்னால் குப்பை கொட்டுகிற மேட்டில் உலாந்தாக்காரர் புகைத்துவிட்டு உடைத்துப்போட்ட வெள்ளை மண் சுங்கான் குழாய்த் துண்டு கூடை கூடையாகக் கிடக்கிறது. சுப்பனையும் இன்னொரு பயலையும் அனுப்பிப் பொறுக்கிவரச் சொன்னேன். கூர் முனைகளை நான் கல்லில் தேய்த்துக் கொடுத்தேன், பிள்ளைகள் அதைக் குட்டையிலிருந்து நெட்டை வரைக்கும் மணலில் வரிசையாக அடுக்கினார்கள். நடுவில் ஒன்றை நான் திருடி ஒளித்துக்கொள்வேன், எந்த இடத்தில் ஓட்டை என்று கண்டுபிடிக்கணும். துண்டுகளில் நடுவே துளை இருக்கிறது இல்லையா, அதில் தென்னை நாரைக் கோத்து மாலை செய்தார்கள், ஐந்து துண்டுக்கு ஒரு சிப்பி என்று கோக்கச் சொன்னேன், எண்ணிக்கை தானாக வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் வராத எண்ணிக்கை.

அப்புறம் சிப்பி பிரிக்கிற விளையாட்டு. ஆறு கொட்டாங்கச்சி வைத்து ஒன்றில் மட்டி, ஒன்றில் நத்தை, ஒன்றில் உடைந்தது என்று போடணும். பழகினதும் கண்ணை மூடிக்கொண்டு போடணும். பனையோலைக் காற்றாடி செய்து ஆளுக்கொன்று கொடுத்தேன், அதை எந்தப் பக்கம் திருப்பினால் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்துக் காற்றின் பெயரைச் சொல்லணும், வாடை, கொண்டல், தென்றல் எல்லாம் இப்போது அவர்களுக்கு மனப்பாடம், சுப்பன் மட்டும் எல்லாவற்றுக்கும் வாடை என்கிறான், ஒரு நாள் அது சரியாகத்தானே வரும் மாமா என்கிறான். நான் வெற்றிலை போடுகிற நேரத்துக்கு மட்டும் பூநாரை விளையாட்டு. ஏரியில் பூநாரை ஒற்றைக்காலில் நிற்கிறதே, அது மாதிரி எல்லாரும் சத்தம் போடாமல் ஒற்றைக்காலில் நிற்கணும், முதலில் விழுகிறவர் எனக்குப் பாக்கு எடுத்துத் தரணும். நாகு, இந்த ஒரு விளையாட்டை மட்டும் மறக்காதே, உலகத்தில் தாய் தகப்பனுக்காகவே உண்டான விளையாட்டு இது ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பிடித்தது சேற்றுப் பானை. ஒரு வாயகன்ற பானையில் ஏரிச் சேற்றைக் கரைத்து ஊற்றி, உள்ளே எலுமிச்சங்காய், புளியங்கொட்டை, நத்தை, இறால் தலை, சுங்கான் துண்டு என்று பத்துச் சாமான் போட்டுவிடுவேன். கையை விட்டுத் தடவி, வெளியே எடுக்காமல் என்னவென்று சொல்லணும். நம் வேலையே அதுதானே, கண்ணால் பார்க்காமல் விரலால் பார்க்கிறது. மற்ற பிள்ளைகள் கையை விட்டதும் கத்துவார்கள், தப்பாகவும் கத்துவார்கள். முத்தம்மா கத்த மாட்டாள். வெளியே ஒரு முறத்தில் அதே சாமானை இன்னொரு ஜோடி வைத்திருந்தேன், பானைக்குள் ஒரு கை வைத்தபடி இன்னொரு கையால் முறத்தில் இருப்பதைத் தொட்டுக் காட்டுவாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதோடு, உள்ளே சாமான் கிடைத்ததும் மூக்கால் ம் ம் என்று இரண்டு தரம் முனகுவாள். குத்துகிற இறால் தலை என்றால் நீளமாக ம்ம்ம் என்பாள். நான் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அது எங்கே கேட்ட சத்தம் என்று யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்தில்தான் எனக்குத் திருக்கை குத்தியிருக்கணும், காலில் குத்தி என்ன பிரயோசனம்.

மாப்பிள்ளை கடற்கரைக் குப்பத்துக்காரர், அவருக்கு வலை வீசினால்தான் மீன், ஏரிக்காரருக்கு விரலே வலை. அதனால் அவருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி தண்ணீரில் மிதந்துகொண்டு பின்னால் வரும், அதன் கயிறு பல்லில். கை இரண்டும் சேற்றில் இருக்கிறதே, வேறு எதில் பிடிப்பது. வாயைத் திறந்தால் பறி கவிழ்ந்துவிடும். அதனால் ஏரிக்குள் பேச்சு கிடையாது, முனகல்தான். இரண்டு தரம் முனகினால் இங்கே இறால் இருக்கிறது வா, நீளமாக முனகினால் திருக்கை, விலகு. நடுவில் கூழ் குடிக்கணும் என்றால் கயிற்றைப் பல்லிலிருந்து எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வார்கள். கரைக்கு வந்து பறியைப் பானையில் கொட்டின பிறகுதான் வாய் திறக்கும், அரை நாள் சேர்த்துவைத்த பேச்சு மொத்தமும் அப்போது கொட்டும், குப்பம்மா கரையேறினால் கொக்கெல்லாம் பறந்துபோகும்.

மாசி கடைசியில் நான் பிள்ளைகளுக்காக ஆறு குட்டிப் பறி முடைந்தேன். கரை மணல்தான் ஏரி, காய்ந்த பனங்காய்ச் சில்லுதான் இறால், எல்லாரும் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்துபோய்ப் பொறுக்கணும், பேசினால் தோற்றுப்போனார்கள். அரை நாள் அமைதி கிடைக்கும் என்பதுதான் என் கணக்கு. ஐந்து பேரும் பாய்ந்து வந்து வாங்கினார்கள். முத்தம்மாவுக்குக் கொடுத்தேன், தலையை ஆட்டினாள். கயிற்றை வாயருகே கொண்டுபோனேன், என் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு எனக்குப் புரியவில்லையே என்று இரக்கப்பட்ட மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பல்லிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எதையோ இரண்டு விரலால் பிடித்து எடுத்து எனக்குக் காட்டி, காதில் மாட்டி, பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்து, மறுபடி காதிலிருந்து எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். அவளுக்கு இன்னொரு பறி எதற்கு, அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

நாகு, புரட்டாசிக் காலையில் அவள் எப்படி அடங்கினாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் கத்தினதைத் தாங்க முடியாமல் நான் கீழே கிடந்த ஒரு ஓலையை மடித்து விரல் அளவில் ஒரு பறி செய்து, கயிற்றை அவள் பல்லில் வைத்து, "அக்காவுக்கு எறா புடிச்சி வைம்மா. அவ வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத, தொறந்தா எல்லாம் ஓடிப்பூடும்" என்று சொன்னேன். டக்கென்று வாயை மூடிக்கொண்டாள். பார்த்தியா எப்படி அடக்குனேன் என்று குப்பம்மாவிடம் பெருமை வேறு அடித்தேன். அந்த ஓலைப் பறி இரண்டு நாளில் கிழிந்துபோயிருக்கும். நானும் மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. கிழிந்த பறியின் கயிற்றை விடாமல் ஆறு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு உனக்காகப் பிடித்து வைத்திருக்கிறாள். ஊரையெல்லாம் கேலி செய்கிற வாய் என்று என்னை நீயே திட்டியிருக்கிறாய், அந்த வாய் சொன்ன விளையாட்டுப் பேச்சுதான் பிள்ளையின் வாயைக் கட்டியது, நீ போனது இல்லை. இதை நீ முதலில் மனசில் வாங்கிக்கொள்ளணும், அதற்காகத்தான் இத்தனை ஓலை.

உன் அம்மா கரையேறினதும் சொன்னேன். அவள் ஈரப் பறியால் என் முதுகில் ஒன்று போட்டாள். "ஊரெல்லாம் வேப்பில அட்ச்சேன், அடிக்க வேண்டிய ஆளு ஊட்லயே குந்திக்கினு இருந்திருக்கு" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு நான் முத்தம்மாவை மடியில் வைத்து, அது நைனா விளையாட்டுக்குச் சொன்னதும்மா, பறியும் இல்ல ஒண்ணும் இல்ல, விட்டுடு என்று நயமாகச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து நீளமாக ம்ம்ம் என்று முனகினாள். திருக்கை, விலகு. மடியை விட்டு இறங்கிப் போய்விட்டாள். ஆறு மாசம் பிடித்ததை விட்டுவிடு என்று சொன்னால் யார்தான் விடுவார்கள். இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை நாகு, அதை உன் அம்மாவிடம் கேட்டால் அவளும் ஒத்துக்கொள்வாள்.

வழி சொன்னது உன் அம்மாதான். பறி இல்லை என்று சொன்னால் அவள் கேட்க மாட்டாள், பறி நிரம்பிவிட்டது என்று சொல், நிரம்பினால் கரைக்கு வந்து கொட்டணும் என்பது ஏரிக்காரப் பிள்ளைக்குத் தெரியாதா, கொட்டாத இறால் நாறிப்போகும் என்றாள். மறுநாள் உன் அம்மாவே ஏரிக்குப் போகாமல் ஒரு பானையை எடுத்து வந்து புன்னை மரத்தடியில் வைத்தாள். பறி நிரம்பினவர்கள் கரைக்கு வந்து கொட்டணும், இல்லாவிட்டால் நாறிப்போகும் என்று நான் சொன்னேன், ஆறு பேரும் மணல் ஏரியில் தவழ்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கரையேறி அந்தப் பானையில் கொட்டினார்கள், கொட்டினதும் வாயைத் திறந்து குப்பம்மா மாதிரி கத்தினார்கள். சுப்பன் அச்சு அசல் அவன் அம்மாதான். கடைசியில் முத்தம்மா வந்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பல்லிலிருந்து கயிற்றை எடுத்தாள், இரண்டு கையாலும் பறியைத் தாங்கிக்கொண்டாள், அது கனமாக இருந்தது நாகு, அவள் முழங்கை இறங்கினதைப் பார்த்தேன். நான் சும்மா இருக்காமல் கவிழ்த்துவிட உதவி செய்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"கைய எட்றா நைனா," என்றாள். "இது அக்காது."

ஆறு மாசம் கழித்து வந்த முதல் பேச்சு, தகப்பனுக்கு டா போட்டு. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கரகரவென்று இருந்தது குரல். உன் அம்மா பானையைப் பிடித்தபடியே அழுதாள். ஆனால் முத்தம்மாவுக்கு அடுத்த நிமிஷமே பயம் வந்துவிட்டது, வாயைத் திறந்துவிட்டோமே என்று கையால் பொத்திக்கொண்டு காலடி மணலையெல்லாம் தேட ஆரம்பித்தாள், முகம் கோணிக்கொண்டு போயிற்று. நான் காலையும் மறந்து குனிந்து தேடினேன். ஒன்றும் ஓடவில்லை என்று நான் சொன்னால் நம்புவாளா, என் பேச்சின் லட்சணம்தான் அவளுக்குத் தெரியுமே. அப்போது சுப்பன் புன்னை மரத்துக்குப் பின்னாலிருந்து கையை மூடிக்கொண்டு ஓடி வந்து, ரெண்டு ஓடிச்சி, புட்ச்சிட்டேன் இந்தா என்று அவள் பறியில் போட்டான். அவள் உள்ளே பார்த்தாள், விரலால் எண்ணினாள், சரி என்று தலையை ஆட்டினாள். அந்தப் பயல் காற்றுக்குப் பெயர் தப்பாகச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், இனி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து பேசுகிறாள். ஆறு மாசத்துப் பாக்கி, காது கொடுத்து மாளவில்லை. ஆனால் பறியை மட்டும் யாருக்கும் கொட்டவில்லை, காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறாள். விழுந்துவிடாமல் வலது கையால் காதைப் பிடித்தபடியேதான் எல்லாம், மிச்சம் இருக்கிற ஒரு கையால்தான் சாப்பிடுகிறாள், அதே கையால் சுங்கான் மாலையும் கோக்கப் பார்க்கிறாள், வரவில்லை என்று அதற்கும் என்னைத் திட்டுகிறாள். அக்காவுக்கு எப்படிக் கொடுக்கப்போகிறாய் என்று கேட்டேன், அக்கா வரட்டும் என்றாள். அக்கா வயிற்றில் பாப்பா இருக்கிறது, இப்போது கப்பல் ஏறக் கூடாது, ஓலையில் கொட்டினால் எல்லப்பன் தோணியில் கொண்டுபோய்க் கொடுப்பான் என்றேன். ஓலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுல நிக்குமா என்று கேட்டாள். எழுத்தாணியால் குழி போட்டுக் காட்டினேன், ஒவ்வொரு குழியிலும் ஒன்று நிற்கும் என்றேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். இனி வருவது அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஒன்றைக்கூட மாற்றவில்லை, மாற்ற விடவில்லை.

கப்பல் சின்னதாகப் போயிற்று, நைனா போய்விட்டது என்றார், போகவில்லை, நான் பார்த்தேன், இருந்தது. குப்பம்மா அத்தையின் மீன் கூடையில் பூனை மூன்று குட்டி போட்டது, ஒன்றுக்கு வால் இல்லை, அது உனக்கு. குப்பம்மா அத்தை சேற்றில் வழுக்கி விழுந்தாள், அம்மா சிரித்தாள், அம்மா பறி கவிழ்ந்து எல்லா இறாலும் ஓடிப்போயிற்று, நான் சிரிக்கவில்லை. வைத்தியர் விரல் புளித்தது. காதில் எண்ணெய் விட்டார்கள், கயிறு வழுக்கியது, ஆனால் விடவில்லை. நைனாவைத் திருக்கை குத்தியது, நைனா அழுதார், நிறைய அழுதார். ஒற்றைக்காலில் இருபது வரைக்கும் நிற்பேன். பாயில் நீ படுக்கிற பக்கம் யாரையும் படுக்க விடவில்லை, நைனாவின் காலை வைக்கக்கூட விடவில்லை. பறியில் இவ்வளவுதான்.

இவ்வளவுதான் நாகு. மாப்பிள்ளை, இந்தக் கடைசி ஓலையை மட்டும் மறுபடி ஒரு தரம் மெதுவாகப் படியும், சிரிக்காதீர், அப்புறம் தனியாகப் போய்ச் சிரித்துக்கொள்ளும். நாகு, நீ என்ன செய்யணும் என்றால், ஒரு பானையை மடியில் வைத்துக்கொண்டு கேள் அம்மா, ஒவ்வொன்றும் அதில் விழட்டும். பிறகு எல்லாம் வந்து சேர்ந்தது, ஒன்றும் ஓடவில்லை, பறி காலி என்று ஒரு வரி எழுதி எல்லப்பன் திரும்பி வருகிற தோணியிலேயே கொடுத்து அனுப்பு. அது வருகிற வரைக்கும் உன் தங்கை காதிலிருந்து கையை எடுக்க மாட்டாள். நீ புறப்பட்டு வர வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு, கனமான பாய்ச் சீலையைத் தூக்காதே, மரக்குதிரைக்கு அவசரம் இல்லை என்று மாப்பிள்ளைக்கு மறுபடி சொல். பிறக்கிற பிள்ளையிடம் நீ எது சொன்னாலும் அது அப்படியே எடுத்துக்கொள்ளும், இதை நான் இவ்வளவு வயசுக்கு மேல் தெரிந்துகொண்டேன், நீ இப்போதே தெரிந்துகொள். ஏரித்தாய் உங்கள் மூவரையும் கண்போலக் காக்கட்டும், மடி நிறைந்து, கூரை நிறைந்து, நெடுநாள் இருங்கள்.

பங்குனி மாசம் பத்தாம் நாள், ஏரிக்கரைப் புன்னை மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி,
உன் நைனா ரங்கன்.

ஓலையைக் கட்டப்போகிற நேரத்தில் முத்தம்மா இதையும் எழுதச் சொன்னாள்: பானைய நேராப் புடி அக்கா.